பவரை ‘மைனஸ் எட்டு’ என்று எழுதி வாங்கலாமா?

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கூடவே பில், பாலிசி, இன்சூரன்ஸ் கம்பெனியின் நிராகரிப்புக் கடிதம் மூன்றின் ஜெராக்ஸும், ஒரு சின்ன அட்டைப்பெட்டியின் போட்டோவும் வந்திருக்கின்றன. பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அடையாளங்களை மாற்றி, விஷயத்தை மட்டும் சுருக்கிச் சொல்கிறேன்.

வாசகி தையல் கடை வைத்திருக்கிறார். கணவர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறார். மகளுக்கு 19 வயது, பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறாள். எட்டாம் வகுப்பிலிருந்தே கண்ணாடி. போன வருடம் பவர் கிடுகிடுவென்று ஏறவும், திருநெல்வேலியில் ஒரு தனியார் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். கருவிழியைப் படமெடுத்துப் பார்த்துவிட்டு ‘கெரட்டோகோனஸ்’ என்ற கருவிழி நோய் என்றார்களாம். 2025 அக்டோபரில் வலது கண்ணுக்கு சி3ஆர் சிகிச்சை, செலவு 34,000 ரூபாய். டிசம்பரில் அதே வளாகத்துக் கண்ணாடிக் கடையில் இரண்டு கண்ணுக்கும் ஆர்ஜிபி என்கிற கெட்டி வகைக் கான்டாக்ட் லென்ஸ், 21,500 ரூபாய்.

குடும்பத்துக்கு 2022 ஏப்ரலில் எடுத்த மெடிக்ளைம் பாலிசி இருக்கிறது. இரண்டு பில்லையும் போட்டார்கள், இரண்டும் திரும்பி வந்துவிட்டன. சிகிச்சைக்கு, ‘7.5 டயாப்டருக்குக் குறைவான பார்வைக் குறைபாடு, விலக்கு எண் 15’ என்று பதில். (டயாப்டர் என்பது கண் பவரின் அளவு.) லென்ஸுக்கு, ‘கான்டாக்ட் லென்ஸ் செலவு பாலிசியில் சேராது’ என்று ஒரே வரி.

இதற்கிடையில் அதே கம்பெனி லென்ஸ் மதுரையில் ஜோடி 14,000 ரூபாய்க்குக் கிடைப்பது தெரியவந்திருக்கிறது. லென்ஸின் அளவு விவரம் எழுதிய சீட்டைக் கேட்டால், “இங்கதான வாங்கியிருக்கீங்க, சீட்டு எதுக்கு?” என்றார்களாம். டெக்சாஸில் இருக்கும் தம்பி, “அமெரிக்காவுல சீட்டு குடுக்காம இருக்க முடியாது, லென்ஸுக்கு இன்சூரன்ஸும் உண்டு, நீ கேஸ் போடு” என்கிறார். பாலிசி எடுத்துக் கொடுத்த ஏஜென்ட் அண்ணாச்சி வேறு வழி சொல்கிறார்: “மைனி, டாக்டர்ட்ட சொல்லி பவரை மைனஸ் எட்டுன்னு எழுதி வாங்கிருங்க. அம்புட்டுதான் சோலி.”

அம்மா, முதலில் அண்ணாச்சி சொன்னதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். நியாயம் பேசி வேண்டாம் என்று சொல்லவில்லை, உங்கள் கேஸை அதுவே கெடுத்துவிடும் என்பதால் சொல்கிறேன். உங்கள் மகளுடைய கண்ணின் அளவு மருத்துவமனைக் கம்ப்யூட்டரில் இருக்கிறது, கருவிழிப் படத்தில் இருக்கிறது, லென்ஸ் ஆர்டரில் இருக்கிறது. மூன்றிலும் பவர் மைனஸ் ஐந்தரை என்று இருக்க, ஒரு சீட்டில் மட்டும் எட்டு இருந்தால் அது போலி ஆவணம். ஏமாற்றுதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 318ஆவது பிரிவின்கீழ் குற்றம். அது ஒருபுறம் இருக்கட்டும். எட்டு என்று எழுதி வாங்கினால், ‘ஆமாம், இது வெறும் பவர் பிரச்சினைதான்’ என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். நம் வாதமே இது பவர் பிரச்சினை இல்லை என்பதுதானே.

34,000 ரூபாய்: முதலில் இதைப் பிடியுங்கள்

விலக்கு எண் 15 உங்கள் கம்பெனி தானாக எழுதிக்கொண்டது இல்லை. எல்லா மெடிக்ளைம் பாலிசியிலும் ஒரே வாசகமாக இருக்கட்டும் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்துக் கொடுத்த பட்டியலில் வருவது. 7.5 டயாப்டருக்குக் குறைவான ஒளிவிலகல் குறைபாட்டால் வந்த பார்வைக் குறைவைச் சரிசெய்யும் சிகிச்சைக்குப் பணம் தர வேண்டியதில்லை என்பது அதன் சாரம். கல்யாணத்துக்கு முன்னால் கண்ணாடியைக் கழற்ற லேசர் செய்துகொள்கிறார்களே, அந்த மாதிரிச் செலவை மனதில் வைத்து எழுதியது.

உங்கள் மகளுக்கு வந்திருப்பது வேறு. கெரட்டோகோனஸ் என்பது கருவிழியின் முன்சுவர் மெலிந்து, பம்பரத்தின் அடிப்பக்கம் மாதிரிக் கூம்பிக்கொண்டு வரும் நோய். பவர் ஏறுவது அதன் விளைவு. சி3ஆர் செய்வது என்ன? ரைபோஃப்ளேவின் சொட்டு மருந்தை விட்டு, புற ஊதாக் கதிரைக் காட்டி, கருவிழியின் நார்களை இறுக்குகிறார்கள். கூம்பல் மேற்கொண்டு போகாமல் நிறுத்துவதுதான் அதன் நோக்கம். கண்ணாடியைக் கழற்றிவிடும் சிகிச்சை அது இல்லை. செய்துகொண்ட பிறகும் உங்கள் மகளுக்கு லென்ஸ் தேவைப்பட்டதே அதற்குச் சாட்சி. பார்வையைச் சரிசெய்யாத சிகிச்சைக்கு, பார்வை சரிசெய்தலுக்கான விலக்கு எப்படிப் பொருந்தும்?

அப்படியென்றால் கம்பெனி ஏன் மறுத்தது? நீங்கள் அனுப்பிய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். ‘நோய்’ என்ற இடத்தில் முதல் வரி மயோப்பியா, அடுத்த வரி அஸ்டிக்மாடிசம், இரண்டுமே கண்ணாடி போடும் பவர் பிரச்சினைகள். கெரட்டோகோனஸ் மூன்றாவது வரியில், அதுவும் சுருக்கெழுத்தில். கிளைம் பார்க்கிறவர் ஒரு நாளைக்கு எத்தனை காகிதம் பார்க்கிறாரோ, முதல் வரியில் மயோப்பியாவைப் பார்த்தார், மைனஸ் 5.50 என்ற எண்ணைப் பார்த்தார், முத்திரையைக் குத்திவிட்டார். எனக்கு இதில் கெட்ட எண்ணம் தெரியவில்லை, அவசரம்தான் தெரிகிறது.

ஆகவே டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டியது உண்மையான ஒரு கடிதம். நோய் கெரட்டோகோனஸ், அது எந்தத் தேதியில் எந்தப் பரிசோதனையில் முதலில் தெரிந்தது, சி3ஆர் ஏன் தேவைப்பட்டது, அது பவரைக் குறைக்கச் செய்ததல்ல, இவ்வளவும் லெட்டர்ஹெட்டில் நான்கு வரியாக இருந்தால் போதும். அந்த மருத்துவமனையில் இழுத்தடித்தால், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையின் கண் பிரிவில் பழைய படங்களைக் காட்டி ஓர் அபிப்பிராயம் கேட்டு வாங்கலாம்.

இரண்டு இடத்தில் ஜாக்கிரதையாக இருங்கள். முதலாவது, கம்பெனி அடுத்தபடியாக, ‘இது வெளிநோயாளியாகவே செய்யக்கூடியது, அட்மிஷன் தேவையில்லை’ என்று சொல்லக்கூடும். இருபத்து நான்கு மணி நேரம் படுக்காவிட்டாலும், மயக்க மருந்தோ மரத்துப்போகும் மருந்தோ கொடுத்துச் செய்யும் டே கேர் சிகிச்சைக்குப் பாலிசியில் இடம் உண்டு. எனவே ஆபரேஷன் தியேட்டரில் செய்தது, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், என்ன மருந்து விட்டு மரக்கச் செய்தார்கள் என்பதெல்லாம் சம்மரியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது கொஞ்சம் சங்கடமானது. பாலிசி எடுக்கும்போது, “கண்ணாடி போடுததெல்லாம் எழுத வேண்டாம்” என்று அண்ணாச்சி சொன்னதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாலிசியோடு வந்த விண்ணப்பப் படிவத்தின் நகலை எடுத்து, கேள்வி எப்படி இருந்தது என்று படியுங்கள். ‘கண் நோய் உண்டா’ என்று கேட்டு ‘இல்லை’ என்று எழுதியிருந்தால் பெரிய பயம் வேண்டாம். 2022இல் அவளுக்கு இருந்தது சாதாரணக் கண்ணாடி, நோய் தெரிந்தது 2025இல். ‘கண்ணாடி அணிகிறீர்களா’ என்றே கேட்டிருந்து, ‘இல்லை’ என்று போட்டிருந்தால், கம்பெனி அதைக் கையில் எடுக்கலாம். ஏற்கெனவே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம், அது உங்களுக்கு முடிந்துவிட்டது. ஆனால் உண்மையை மறைத்தார்கள் என்ற கேள்வியே எழுப்ப முடியாத நிலை வருவதற்குத் தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். உங்களுக்கு அது 2027 ஏப்ரலில்தான். மோசடி என்று நிரூபித்துவிட்டால் அந்த 60 மாதப் பாதுகாப்பும் கிடைக்காது. ‘மைனஸ் எட்டு’ ஏன் வேண்டவே வேண்டாம் என்கிறேன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

லென்ஸ் பில்லில் கிடைப்பது கொஞ்சம்தான்

தம்பி சொல்வது அவர் ஊருக்குச் சரி. அமெரிக்காவில் 2003இலேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. லென்ஸ் பொருத்திப் பார்த்து முடிந்ததும், கேட்டாலும் கேட்காவிட்டாலும் சீட்டைக் கையில் கொடுத்துவிட வேண்டும், வேண்டிய கடையில் வாங்கிக்கொள்ளலாம். அங்கே கண்ணுக்கென்று தனி இன்சூரன்ஸ் இருக்கிறது, கண்ணாடிக்கோ லென்ஸுக்கோ வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை ஒதுக்குவார்கள். நம் மெடிக்ளைம் ஆஸ்பத்திரியில் சேர்ந்த செலவுக்காக வந்தது. கண்ணாடி, கான்டாக்ட் லென்ஸ், காது மெஷின் போன்றவற்றைப் பொதுவாக வெளியே வைத்துவிடும். அதனால் அடிப்படைப் பாலிசியில் லென்ஸுக்குப் பணம் இல்லை என்று கம்பெனி சொன்னது தவறில்லை. அதை எதிர்த்து மல்லுக்கட்ட வேண்டாம்.

ஆனால் உங்கள் பாலிசியின் நான்காம் பக்கத்தை நீங்கள் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். கூடுதல் பிரீமியம் கட்டி எடுத்த ஓபிடி, அதாவது வெளிநோயாளிச் செலவுக்கான இணைப்பு ஒன்று அங்கே இருக்கிறது. டாக்டர் ஆலோசனை, பல், ‘டாக்டர் எழுதிக் கொடுத்த கண்ணாடி அல்லது கான்டாக்ட் லென்ஸ்’, எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 5,000 ரூபாய். மூன்று வருடமாக ஒரு பைசா எடுக்காமல் அதற்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்! அண்ணாச்சி இதைச் சொல்லியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். லென்ஸ் பில்லை ஓபிடி படிவத்தில், டாக்டர் சீட்டோடு மறுபடி போடுங்கள். பில் தேதியிலிருந்து எத்தனை நாளுக்குள் போட வேண்டும் என்பது அதே பக்கத்தில் இருக்கும். தாமதமாகியிருந்தால், முதலில் தவறான தலைப்பில் போட்டு நிராகரிக்கப்பட்டதைக் காரணமாக எழுதி, அந்தக் கடிதத்தையும் இணையுங்கள். 21,500இல் 5,000 வரும். மீதி உங்கள் கைச்செலவுதான்.

சீட்டு விஷயத்தில் தம்பி சொன்னதில் பாதி இங்கேயும் உண்டு. அமெரிக்கா மாதிரித் தனிச் சட்டம் இல்லாவிட்டாலும், நோயாளி கேட்டால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002ஆம் வருடத்து மருத்துவர் நடத்தை விதிமுறைகள் சொல்கின்றன. மகளுக்கு 18 வயது முடிந்துவிட்டதால் விண்ணப்பத்தில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். கருவிழிப் படம், லென்ஸின் வளைவு, விட்டம், பவர் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். ‘சீட்டு’ என்று பொதுவாகக் கேட்டால் கண்ணாடிப் பவரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அதை வைத்து இந்த லென்ஸை வேறு எங்கேயும் செய்ய முடியாது.

விலை வித்தியாசமும் ஒரு ஸ்டிக்கரும்

மதுரையில் 14,000, இங்கே 21,500. ‘7,500 ரூபாய் கொள்ளை’ என்று எழுதியிருக்கிறீர்கள். வயிற்றெரிச்சல் புரிகிறது. ஆனால் ஒரு கடையில் விலை கூடுதல் என்பதே சட்டப்படி குற்றமாகாது. இதய ஸ்டென்ட்டுக்கும் செயற்கை முழங்கால் மூட்டுக்கும் 2017இல் அரசு உச்சவிலை வைத்தது. கான்டாக்ட் லென்ஸுக்கு அப்படி வைக்கவில்லை. அதோடு ஆர்ஜிபி லென்ஸ் கடை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் சாமான் இல்லை. மாதிரி லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, அளவெடுத்து, ஆர்டர் கொடுத்து வரவழைப்பது. உங்கள் மகளே மூன்று தடவை போய் உட்கார்ந்து வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். மதுரை விலையில் அந்தப் பொருத்தும் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டீர்களா?

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது வித்தியாசப் பணத்தை அல்ல, பிரித்துப் போட்ட பில்லை. உங்களிடம் இருப்பதில் ‘கான்டாக்ட் லென்ஸ் 2, 21,500’ என்று ஒரே வரிதான் இருக்கிறது. லென்ஸ் எவ்வளவு, பொருத்தும் கட்டணம் எவ்வளவு, ஜிஎஸ்டி எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். கான்டாக்ட் லென்ஸுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5ஆகக் குறைந்துவிட்டது. நீங்கள் வாங்கியது டிசம்பரில். பிரித்த பில்லில் 12 என்று வந்தால் அந்தக் கூடுதல் வரியைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இனி அந்த அட்டைப்பெட்டி. லென்ஸ் கழுவும் சொல்யூஷன் பெட்டியின் போட்டோவைச் சும்மா, கடைசியில், ‘இதையும் பாருங்கள்’ என்று அனுப்பியிருக்கிறீர்கள். விலை இருக்கும் இடத்தில் 480 என்று வெள்ளை ஸ்டிக்கர். அதன் வலது மூலை லேசாக உரிந்து, அடியில் அச்சடித்த 425 எட்டிப் பார்க்கிறது. பில்லிலும் 480தான் போட்டிருக்கிறார்கள். வெறும் 55 ரூபாய், ஆனால் உங்கள் ஆறு பக்கத்திலும் சட்டப்படி மிக உறுதியான புகார் இதுதான். எம்ஆர்பி என்பது எல்லா வரியும் சேர்ந்த உச்சவிலை, அதற்கு மேல் விற்கக் கூடாது. விலையைக் குறைத்து வேண்டுமானால் ஸ்டிக்கர் ஒட்டலாம், அப்போதும் பழைய விலையை மறைக்கக் கூடாது. ஏற்றி ஒட்டுவதற்கு 2011ஆம் வருடத்துப் பொட்டலப் பொருள் விதிகளில் இடமே இல்லை. நம் மாநிலத்தில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. திருநெல்வேலியில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு பில், போட்டோ நகலோடு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்.

சொல்யூஷன் விலை கட்டுப்படியாகவில்லை என்று மகள் சில நாள் கொதித்து ஆறிய தண்ணீரில் லென்ஸைக் கழுவுவதாக ஓர் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை, ஆனாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. தாமிரபரணித் தண்ணீரே ஆனாலும் லென்ஸுக்கு ஆகாது. தண்ணீரில் இருக்கும் நுண்ணுயிர் கருவிழியையே புண்ணாக்கிவிடும், பார்வை போகிற அளவுக்கும் கொண்டுபோகும். இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், விலை குறைந்த சொல்யூஷன் எது சரிப்படும் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

யாரிடம், எந்த வரிசையில்

முதலில் இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு டாக்டர் கடிதத்தோடு மறுபரிசீலனை மனு. மெயிலில் அனுப்புங்கள், பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா புகார்த் தளத்திலும் பதியலாம், 155255க்குப் போன் செய்தும் பதியலாம். ‘விலக்கு எண் 15 எந்த வகையில் பொருந்துகிறது, மறுப்பை உங்கள் கிளைம் மறுஆய்வுக் குழு பார்த்ததா’ என்ற கேள்வியை மனுவில் அவசியம் போடுங்கள். அந்தக் குழு பார்க்காமல் மறுக்கக் கூடாது என்று 2024 மே மாதச் சுற்றறிக்கை சொல்கிறது. அனேகமாக உங்கள் விஷயம் இங்கேயே முடிந்துவிடும்.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, மறுபடி மறுத்தாலோ, இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன், அதாவது இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரி. அலுவலகம் சென்னையில் இருக்கிறது, ஆனால் இதற்காக நெல்லை எக்ஸ்பிரஸ் ஏற வேண்டியதில்லை. புகாரை ஆன்லைனிலோ தபாலிலோ அனுப்பலாம், விசாரணையை வீடியோவில் நடத்தவும் வழி இருக்கிறது. கட்டணம் கிடையாது. வக்கீல் வரக் கூடாது என்பதே அங்கே விதி, அதனால் எனக்கும் வேலை இல்லை. 50 லட்சம் வரை உத்தரவிடும் அதிகாரம் உண்டு, உத்தரவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். மறுப்பு வந்து ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும்.

திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. உங்கள் அளவுத் தொகைக்கு அங்கேயும் கட்டணம் இல்லை. ஆனால் ஒரே விஷயத்துக்கு இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் நிற்க முடியாது. இன்சூரன்ஸ் பணத்துக்கு ஓம்பட்ஸ்மேனிடமே போங்கள், அதுதான் சீக்கிரம் முடியும். கடைக்காரர் பில்லைப் பிரித்துத் தர மறுத்தால் மட்டும் நுகர்வோர் ஆணையம். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து பாருங்கள். அந்த உதவி மையத்திலிருந்து கடைக்கு ஒரு தகவல் போனாலே பல பில்கள் தானாகப் பிரிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன்னால், எல்லா ஒரிஜினல் பில்லையும் இன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள். வழவழப்பான தெர்மல் காகிதம் நம் ஊர் வெயிலுக்கு ஆறு மாதம் தாங்காது. போன சித்திரையில் வீரவநல்லூரிலிருந்து ஒரு பெரியவர் மஞ்சப்பை நிறைய ஆஸ்பத்திரி பில் கொண்டுவந்தார். பாதிக்கு மேல் வெறும் வெள்ளைத் தாள். எந்தப் பில் எதற்கு என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அந்தச் சொல்யூஷன் பெட்டியையும் காலியானதும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஸ்டிக்கரை யாரும் ஆர்வத்தில் முழுதாக உரித்துவிடவும் வேண்டாம். அந்த வலது மூலை இப்போது இருக்கிற மாதிரி பாதி உரிந்தபடியே இருக்கட்டும்.